தாடியும் மழையும் இல்லாத சோர்வு: திரைப்படம் காட்டும் மனச்சோர்வும் தற்கொலையும்

வீரவநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் சித்தி இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பீடி சுற்றுகிறவர். மடியில் சுளகு, சுளகில் நறுக்கிய இலையும் தூளும், விரலிடுக்கில் நூல். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றிய கை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காதலில் தோற்ற நாயகன் தாடியும் சால்வையுமாக, கையில் பாட்டிலோடு, மழையில் நனைந்தபடி அழுது பாடிக்கொண்டிருந்தான்.

"பாவம், மனம் உடைந்து போய்விட்டான்" என்றார் சித்தப்பா.

சித்தி சுளகிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவனுக்கு அழுகையாவது வருகிறதே, ஐயா" என்று என்னைப் பார்த்துச் சொல்வதுபோல எங்கோ சொன்னார்.

அந்த வார்த்தை எனக்கு விளங்க எட்டு மாதம் ஆனது. அன்றைக்கு அந்த அறையில் மனச்சோர்வு நோயோடு உட்கார்ந்திருந்தவர் சித்தி. நாங்களோ திரையைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தோம்.

நான் பள்ளி ஆசிரியன். மருத்துவம் படித்தவன் இல்லை. சித்திக்கு வந்தது என்ன என்று மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, இதைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன். திரைப்படத்தை வைத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் மனநோயாளி ஒருவரை முதன்முதலில் பார்த்தது தியேட்டரில்தான். அங்கே கற்றுக்கொண்ட அடையாளங்களைத்தான் வீட்டிலும் தேடுகிறோம். அந்த அடையாளங்கள் தவறாக இருந்தால், தேடுவது பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படாது.

## ஒரே சொல், மூன்று பொருள்

மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்த மாணவன் "ஒரே டிப்ரெஷனாக இருக்கிறது" என்கிறான். கிரிக்கெட்டில் தோற்றாலும் அதே சொல். செய்தித்தாளிலோ எல்லாவற்றுக்கும் "மன அழுத்தம்". இதனால் மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒரே பானைக்குள் விழுந்துவிட்டன.

முதலாவது, வருத்தம். அது ஆற்று வெள்ளம் மாதிரி. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி மூழ்கடிப்பதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். தண்ணீர் ஏறும், மண்டபத்தை மறைக்கும், பிறகு வடியும். சேற்றைக் கழுவிவிட்டுப் பூசை தொடரும். துக்க வீட்டில் அழுது ஓய்ந்த பெண், பேரன் செய்யும் குறும்புக்கு இடையில் சிரித்துவிடுவார். வருத்தம் அப்படி இடைவெளி விடும்.

இரண்டாவது, மன அழுத்தம். தலையில் ஏற்றிய சுமை. கடன், வேலைப் பளு, மகள் கல்யாணம். சுமை இறங்கினால் கழுத்து நிமிரும்.

மூன்றாவதுதான் மனச்சோர்வு. மருத்துவர்கள் நோய் என்று சொல்வது இதைத்தான். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. கரையை ஒட்டியே வயல். ஆனால் மடை அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்காமல் பயிர் வாடுகிறது. கரையில் நின்று பார்க்கிறவர், "பக்கத்திலேயே தண்ணீர் ஓடுகிறது, உனக்கு என்ன குறை?" என்று கேட்கிறார். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், சொந்த வீடு இருக்கிறது, பிறகு என்ன கவலை என்று நாங்கள் சித்தியிடம் கேட்டதும் அதே கேள்விதான்.

மருத்துவர் இதை எப்படி அடையாளம் காண்கிறார்? இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதி, மனம் தாழ்ந்தே கிடக்க வேண்டும். அல்லது முன்பு பிடித்த எதிலும் விருப்பம் இல்லாமல் போக வேண்டும். இந்த இரண்டாவதற்கு நாட்டமின்மை என்று பெயர். இரண்டில் ஒன்று கட்டாயம். இவற்றோடு தூக்கக் கேடு, பசி மாற்றம், ஓயாத களைப்பு, கவனம் நிற்காமை, காரணமற்ற குற்றவுணர்வு, பேச்சிலும் அசைவிலும் மந்தமோ பரபரப்போ, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றையும் பார்ப்பார். ஒன்பதில் ஐந்து சேர்ந்து, அன்றாட வாழ்க்கையும் தடைப்பட்டால் நோய். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் 2015–16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இதற்கு ஆளாகிறார். ஒரு தெருவை மனத்தில் நினைத்து எண்ணிப் பாருங்கள்.

இதுவரை சொன்னதன் சாரம்: வருத்தம் வடியும், அழுத்தம் இறங்கும். மனச்சோர்வில் வெளியே எல்லாம் இருந்தும் உள்ளே எதுவும் வந்து சேராது.

## மடை எப்படி அடைபடுகிறது

மூளையில் ஒரு ரசாயனம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்று படித்திருப்பீர்கள். அது அளவுக்கு மீறிச் சுருக்கிய கதை. பரம்பரையாக வரும் ஒரு பலவீனம், சிறுவயதுத் துன்பங்கள், நீண்ட நாள் உடல்நோய், தைராய்டு குறை, பிரசவம், குடி, ஆண்டுக்கணக்கான நெருக்கடி என்று பலவும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. சில வேளைகளில் கண்ணுக்குத் தெரியும் காரணம் எதுவுமே இருக்காது.

காரணம் எதுவானாலும், தொடங்கிய பிறகு நோய் தன்னைத்தானே எப்படி வளர்த்துக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் போதும். இருட்டுக்கடை முன்னால் மாலையில் வரிசையில் நிற்பவரைப் பாருங்கள். அல்வா இன்னும் கைக்கு வரவில்லை. நாக்கில் ருசி வந்துவிட்டது. அந்த எதிர்பார்ப்புதான் அவரை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. ஒரு செயலின் இன்பத்தை நினைவில் வைத்து மறுபடியும் அதை நோக்கி நம்மைத் தள்ளும் மூளைப் பகுதிகளின் கூட்டுக்கு வெகுமதிச் சுற்று என்று பெயர். மனச்சோர்வில் இது மங்குகிறது. வாயில் ஊட்டினால் சாப்பிடுவார். வேண்டும் என்று தோன்றாது. தோன்றாததால் எழுந்து போகமாட்டார். போகாததால் இன்பம் கிடைக்காது. கிடைக்காததால் சுற்று இன்னும் மங்கும்.

இன்னொரு பக்கம் மனம் அசைபோடத் தொடங்குகிறது. மாடு அசைபோட்டால் இரை செரிக்கும். இங்கே பத்து வருடத்துக்கு முன் சொன்ன ஒரு சொல்லை மனம் ஆயிரம் முறை மெல்லும். ஒரு முறைகூடச் செரிக்காது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். தூக்கம் கெட்டால் களைப்பு, களைப்பால் இன்னும் குறைந்த செயல்பாடு. இப்படிச் சக்கரம் சுழல்கிறது. "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று வெளியே நின்று சொல்வதால் சக்கரம் நிற்பதில்லை. கால் முறிந்தவரிடம் நன்றாக ஊன்றி நட என்பது மாதிரிதான் அது.

## சித்தியிடம் நாங்கள் பார்க்கத் தவறியவை

சித்தி அழவில்லை. கத்தவில்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்காரவில்லை. சமையல் நடந்தது, பீடியும் நடந்தது. ஆனால் ஆயிரம் என்பது எழுநூறு ஆகி, பிறகு நானூறு ஆனது. பீடிக் கடையில் இலை வாங்கும் அளவு குறைந்ததைக் கணக்கு எழுதுகிறவர் கவனித்தார். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. பீடி சுற்றும்போது காலையிலிருந்து திருநெல்வேலி வானொலி பாடிக்கொண்டே இருக்கும் வீடு அது. ரேடியோ பல மாதங்களாகப் பேசவில்லை என்பது பின்னால்தான் எங்கள் நினைவுக்கு வந்தது. பழுதாகியிருக்கும் என்று நினைத்திருந்தோம். பொத்தானைத் திருகியதும் பாடியது.

அவர் சொன்னதெல்லாம் உடம்பைப் பற்றி. கை கால் உளைச்சல், தலைப் பாரம், நெஞ்சுக்குள் ஏதோ அடைத்தாற்போல. எலும்பு மருத்துவரிடம் போனோம். சத்து ஊசி போட்டோம். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு வலியாகத்தான் மருத்துவர் முன்னால் வந்து உட்காருகிறது. கடைசியில் அரசு மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர், இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இரண்டு கேள்வி கேட்டார். "கடந்த இரண்டு வாரமாக மனம் தாழ்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருக்கிறதா அம்மா? முன்பு பிடித்ததில் இப்போது ஈடுபாடு இருக்கிறதா?" சித்தி வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "ரேடியோ சத்தம் பிடிக்கவில்லை" என்றார்.

## படத்துக்கு ஏன் இது அகப்படுவதில்லை

திரைப்படக்காரர்களுக்கு மனம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கலையின் அமைப்பே இந்த நோய்க்கு எதிராக இருக்கிறது. படம் என்பது செயல். இந்த நோய் செயலின்மை. ஒரு பெண் நானூறு பீடியோடு நிறுத்திக்கொள்வதை எந்தக் கேமரா எடுக்கும்? எனவே உள்ளே இருக்கும் வெறுமையை வெளியே தெரிகிற பொருளாக மாற்றுகிறார்கள். தாடி, பாட்டில், மழை, இருட்டறை, பின்னணியில் வயலின். தேவதாஸ் என்ற பெயரே தமிழில் தாடி வைத்த சோகக்காரனுக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. 1917-இல் வங்காளத்தில் நாவலாக வெளிவந்து, 1953-இல் தமிழ்ப் படமாகி நம் ஊர்களில் நிலைத்த உருவம் அது.

கதைக்குக் காரணம் வேண்டும் என்பது அடுத்தது. இடைவேளைக்கு முன் ஓர் அடி, இடைவேளைக்குப் பின் அதன் விளைவு. அந்த அடி பெரும்பாலும் காதல் தோல்வி. இதைப் பார்த்து வளர்ந்த நாம், காரணம் தெரியாத சோர்வை நோய் என்று ஏற்க மறுக்கிறோம். "எல்லாம் இருக்கிறதே, இது திமிர்" என்று சொல்லிவிடுகிறோம்.

மூன்றாவதாக, குணமாகும் விதம். நண்பன் ஒரு கன்னத்தில் அறைந்து ஒரு நீண்ட வசனம் பேசுவான். அல்லது புதிதாக ஒரு பெண் வருவாள். அடுத்த பாட்டில் தாடி மழிக்கப்பட்டிருக்கும். நிஜத்தில் இந்த நம்பிக்கை செய்யும் கேடு பெரிது. "ஒரு கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்று எத்தனை வீடுகளில் சொல்கிறார்கள்! நோயுள்ள பையனும் மீள்வதில்லை, வந்த பெண்ணின் வாழ்க்கையும் போகிறது.

## குகைக்குள் ரயில்

இப்போது கடினமான பகுதி. தற்கொலை.

செங்கோட்டை தாண்டிப் புனலூர் போகும் ரயிலில் போயிருக்கிறீர்களா? ஜன்னலோரம் மலை, பச்சை, ஓடை எல்லாம் தெரிந்துகொண்டிருக்கும். திடீரென்று குகை. ஜன்னலில் கருப்பு மட்டும். இரைச்சல் காதை அடைக்கும். முதல் முறை போகும் குழந்தை வீறிட்டு அழும், ஏனென்றால் அதற்கு அந்த இருட்டுதான் இனி எல்லாம். மலை எங்கும் போய்விடவில்லை என்பது நமக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது.

தாங்க முடியாத மனவலியில் இருப்பவரின் சிந்தனை இப்படித்தான் ஒடுங்குகிறது. இதைக் குறுகிய பார்வை என்பார்கள்: பத்து வழிகள் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு வழி மட்டும் தெரிவது. அதோடு அவர் ஒரு மனதாகவும் இருப்பதில்லை. சாக வேண்டும் என்ற எண்ணமும், இந்த வலி நின்றால் வாழலாம் என்ற ஏக்கமும் கடைசிவரை மல்லுக்கட்டுகின்றன. அந்த உச்ச நெருக்கடி பல வேளைகளில் நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிகிறது. ரிச்சர்ட் சைடன் என்ற அமெரிக்க ஆய்வாளர், தற்கொலைக்குப் போன இடத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்க்கையைத் தேடி 1978-இல் எழுதினார். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். "சாக முடிவெடுத்தவனைத் தடுக்க முடியாது" என்ற பேச்சுக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

படம் இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. நாயகன் தெளிவாக யோசித்து, கடிதம் எழுதி, நிதானமாக முடிவெடுக்கிறான். குகையையே ஊர் வந்து சேர்ந்த ரயில் நிலையம்போலக் காட்டுகிறார்கள்.

காரணங்களிலும் அப்படித்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. நாடு முழுவதும் பதிவான காரணங்களில் குடும்பப் பிரச்சினைகள் 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம். திரையை நிரப்பும் காதல் விவகாரம் 4.5 சதவீதம். நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி. இறந்தவர்களில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் என்று காவல்துறைப் படிவம் எழுதினாலும், உண்மையில் நோய், குடி, கடன், தனிமை என்று பலவும் பின்னிக் கிடக்கும். மனச்சோர்வு அவற்றில் முக்கியமான ஒன்று. மனச்சோர்வு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தற்கொலையால் இறப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

சுருக்கமாக: அந்த நேரத்தில் பார்வை ஒடுங்குகிறது, மனம் இரண்டுபட்டு நிற்கிறது, நெருக்கடி கடந்துபோகிறது. அது கடக்கும்வரை பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் உயிர் மிஞ்சும்.

## இறந்தவன் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி

திரைப்படத்தில் என்னை மிகவும் பயமுறுத்துவது இறக்கும் காட்சி அல்ல. அதற்கு அடுத்த பத்து நிமிடம்.

நாயகன் இறந்துவிட்டான். கேமரா நிற்கவில்லை. அவனை உதறிய பெண் ஓடி வந்து விழுகிறாள். திட்டிய அப்பா கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். இழிவாகப் பேசியவர்கள் தலைகுனிகிறார்கள். அவன் எவ்வளவு நல்லவன் என்று ஊரே பேசுகிறது. இரண்டு மணி நேரம் அந்த நாயகனாகவே வாழ்ந்த பார்வையாளன் இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறான். தன் சாவுக்கு ஊர் அழுவதைத் தானே பார்க்கிற ஓர் இன்பம் அவனுக்குக் கிடைக்கிறது. நிஜத்தில் இறந்தவருக்கு அந்த இருக்கை கிடையாது. அவர் எதையும் பார்ப்பதில்லை. யாரும் திருந்தியதை அறிவதில்லை.

"நான் போன பிறகுதான் என் அருமை தெரியும்" என்று பதினேழு வயதுப் பையன் ஒருவன் வகுப்பில் விளையாட்டுப்போல் சொன்னபோது எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான் நினைவுக்கு வந்தது. அன்று மாலை அவனைத் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். விளையாட்டாகச் சொல்லவில்லை அவன். இன்று நலமாக இருக்கிறான் என்பதால் இதை எழுத முடிகிறது.

## வில்லுப்பாட்டில் இருந்ததும் படத்தில் விட்டுப்போனதும்

துர்மரணத்தைப் பாடுவது நமக்குப் புதிதில்லை. ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லுக்கு முன் உட்கார்ந்து, வீசுகோலும் உடுக்கையும் குடமும் அதிர, அகாலத்தில் இறந்தவர்களின் கதையை விடியவிடியக் கேட்டு வளர்ந்த மண் இது. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றும் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். பட்டவராயன் என்று தெய்வமான முத்துப்பட்டன் கதையையும், அவனுக்குப் பின் உயிர்விட்ட அவன் மனைவியர் பொம்மக்கா, திம்மக்காவின் கதையையும் கேட்காதவர்கள் இங்கே குறைவு. எனவே சாவைப் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் நம் பாட்டிலேயே இருக்கிறது என்று சிலர் வாதிடலாம். ஓரளவு உண்மைதான், பழைய கதைகளை அப்படியே இன்றைக்குப் பின்பற்ற வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. வில்லுப்பாட்டு அந்த மரணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறது. ஊர் பதில் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் கொடை கொடுத்து, படையல் வைத்து, அந்த இழப்பை ஊர் சுமக்கிறது. படத்தில் கடைசிச் சட்டகம் உறைந்ததும் விளக்கு எரிகிறது. நாம் சைக்கிள் டோக்கனைத் தேடிக்கொண்டு வெளியே வருகிறோம். பாட்டிலிருந்து மரணத்தை எடுத்துக்கொண்டவர்கள் பொறுப்பை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

## பார்த்தவர்மேல் என்ன விழுகிறது

"படம் பார்த்து யாராவது சாவார்களா?" என்ற கேள்விக்கு நேரான பதில்: நலமாக இருப்பவரை ஒரு படம் அந்த இடத்துக்குத் தள்ளாது. ஏற்கெனவே குகைக்குள் இருப்பவரைத் தள்ளக்கூடும். 1774-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த ஒரு நாவலின் நாயகன் வெர்தர் காதலுக்காகத் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அவனைப்போல உடுத்திக்கொண்டு இளைஞர்கள் இறந்ததாகச் செய்திகள் பரவின. லைப்சிக் நகரில் நூல் தடை செய்யப்பட்டது. 1974-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ், தற்கொலைச் செய்திகள் பெரிதாக வெளிவந்த பின் தற்கொலைகள் கூடுவதைக் காட்டி, அதற்கு வெர்தர் விளைவு என்று பெயரிட்டார். 2017-இல் வெளியான ஓர் அமெரிக்கத் தொடரில் ஒரு மாணவியின் மரணம் விரிவாகக் காட்டப்பட்டது. கடுமையான எதிர்ப்புக்குப் பின், 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் அந்தக் காட்சியை நீக்கியது.

மறுபக்கமும் இருக்கிறது, அதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் 1791-ஆம் ஆண்டு இசை நாடகம் ஒன்றில் பாபகேனோ என்ற பறவை பிடிப்பவன் சாகத் துணிகிறான். மூன்று சிறுவர்கள் வந்து, கையில் மந்திர மணி இருப்பதை நினைவூட்டுகிறார்கள். அவன் மணியை அடிக்கிறான், பிழைக்கிறான். நெருக்கடியில் இருந்த ஒருவர் சாகாமல் மீண்ட கதைகளைச் சொன்னால் அது பாதுகாப்பாக அமைகிறது என்று 2010-இல் வியன்னா ஆய்வாளர்கள் கண்டபோது, இதற்குப் பாபகேனோ விளைவு என்று பெயர் வைத்தார்கள். அதே வியன்னாவில் 1987-இல் பத்திரிகைகள் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக எழுதுவதை நிறுத்தியதும், அங்கே நிகழ்ந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. திரைத்துறையினருக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு கையேடு வெளியிட்டது. செயலையும் முறையையும் காட்டாதீர்கள், ஒற்றைக் காரணத்தில் முடிக்காதீர்கள், உதவி கேட்பவரையும் உதவி கிடைப்பதையும் காட்டுங்கள் என்பவை அதன் முக்கியமான சொற்கள்.

சிகரெட் வரும் காட்சியின் அடியில் எச்சரிக்கை வரியைப் பார்த்துப் பழகிவிட்டோம். தற்கொலைக் காட்சிக்கு அடியில் ஓர் உதவி எண் வர வேண்டும். 14416 என்பது டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் எண். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. கட்டணமில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம்.

## மருத்துவமனை என்றால் மின்சாரமா

படத்து மனநல மருத்துவமனை நமக்கு மனப்பாடம்: கம்பிக் கதவு, கட்டிப்போட்ட கைகள், அலற அலறக் கொடுக்கும் மின்னதிர்ச்சி. பாளையங்கோட்டையில் மனநலப் பிரிவுக்குச் சித்தியை அழைத்துப் போனபோது, சித்தப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஷாக் வைத்துவிடுவார்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. உள்ளே இருந்தவை பிளாஸ்டிக் நாற்காலிகள், நீண்ட வரிசை, மின்விசிறி.

மின்சிகிச்சை இன்றும் உண்டு. கடுமையான மனச்சோர்வில் சிலருக்கு உயிர் காப்பதே அதுதான். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அதே சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் வழக்காகிவிடும் என்று பயந்து யாரையும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

படத்தில் ஒரு முறைகூட நான் பார்க்காத ஒன்று, நேராகக் கேட்பது. "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று எல்லோரும் அஞ்சுகிறோம். விதைப்பதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. கேட்டதும் பெரும்பாலோர் பெருமூச்சு விடுகிறார்கள், யாரோ கேட்டார்களே என்று. "என்னால் உங்களுக்குத்தான் பாரம்" என்ற பேச்சு, பிடித்த பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, நெடுநாள் கலக்கத்துக்குப் பின் வரும் திடீர் அமைதி ஆகியவற்றைக் கண்டால் கேட்டுவிடுங்கள். பதில் ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

சித்தியிடம் அதைக் கேட்டவர் அந்த இளம் மருத்துவர்தான். சித்தி ஆம் என்றார். பக்கத்தில் நின்ற சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

## எடுக்க வேண்டிய காட்சி

மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதுவரை நிறுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் வாரம் வயிற்றுப் புரட்டல் மட்டும்தான் வந்தது. இரண்டாம் வாரம் சித்தப்பா, "காசுக்குப் பிடித்த கேடு" என்றார். பேச்சு சிகிச்சைக்கு ஒரு பெண் ஆலோசகர். அவர் பெரிதாக எதுவும் பேசவில்லை. தினமும் காலையில் ஒரு சிறிய வேலை, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், என்று எழுதிக் கொடுத்தார். வாய்க்கால் கரை வரை நடப்பது. ரேடியோவைப் பத்து நிமிடம் போட்டு வைப்பது. விருப்பம் வந்த பிறகு செயல் என்று காத்திருக்காமல், செயலைத் தொடங்கி விருப்பத்தை வரவழைப்பது அதன் வழி. முன்னே சொன்ன சக்கரத்தை மறுபக்கம் சுழற்றுவது.

ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மருமகள் சொதி வைத்திருந்தாள், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். சித்தி பல மாதங்களாக எதைப் போட்டாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறவர். அன்று இரண்டு வாய் உண்டார், நிறுத்தினார், துவையலை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இஞ்சி போதவில்லையே" என்றார்.

மருமகள் முகம் சுருங்கியது. சித்தப்பா மட்டும் எழுந்து கொல்லைப்புறம் போனார். அவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது.